சோளத் தடுப்பில் கஞ்சி

வேல்பாண்டி ராணுவத்திலிருந்து சுபேதாராக ஓய்வு பெற்று வன்னியம்பட்டிக்கு வந்தபோது, இனி அவர் என்ன செய்யலாம் என்று ஊரில் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். பெட்ரோல் பங்க் எடுக்கச் சொன்னார் ஒருவர். ராஜபாளையத்து மில்லில் செக்யூரிட்டி ஆபீசர் வேலை காத்திருக்கிறது என்றார் இன்னொருவர். வேல்பாண்டி எல்லாருக்கும் காபி கொடுத்து, எல்லார் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தோட்டத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, சிமெண்டுத் தரை பூசி, வெள்ளைப் பன்றி வளர்க்க ஆரம்பித்தார்.

யோசனை சொன்னவர்களில் பாதிப் பேர் அதோடு வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் மனைவி மாரிக்கனியின் சொந்தத் தம்பியே பொங்கல் சீரை வாசலில் நின்று கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினான். முதல் சில மாதம் அவளும் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனாள். ஆனால் முதல் தாய்ப்பன்றி குட்டி போட்ட அன்று, ரோஜாப்பூ நிறத்தில் வழுக்கிக்கொண்டு வந்த குட்டிகளைப் பழைய துண்டால் துடைத்து ஒவ்வொன்றாக மடியில் சேர்த்தது அவள்தான். முந்தானை எப்போது தோளுக்கு இறங்கியது என்று அவளுக்கே நினைவில்லை.

வேல்பாண்டிக்குத் தொழிலில் ஒரு குறையும் இல்லை. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. பட்டாளத்தில் முப்பது பேர் அவர் வாயைப் பார்த்து நின்றிருப்பார்கள். இங்கே டீக்கடையில் அவர் "எங்க யூனிட்ல" என்று தொடங்கினாலே, எதிரில் இருப்பவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வீட்டுக்கு வந்து செருப்புகளை வரிசையாக அடுக்குவார். தண்ணீர்க் குடங்களை ஒரே கோட்டில் நிறுத்துவார். மகள் யுவராணி கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்ட வீட்டில், அவர் கட்டளைக்கு மிச்சம் இருந்தது குடங்களும் மாரிக்கனியும்தான். மாரிக்கனி உள்ளூரச் சிரித்துக்கொண்டு, அவர் முதுகு திரும்பியதும் குடத்தைத் தன் வசதிக்கு நகர்த்திக்கொள்வாள்.

அந்த வருஷம் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. தப்பித்து விளைந்ததையும் கோழித் தீவனக்காரர்கள் களத்திலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பன்றிக்குட்டித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். அது கிடைக்காவிட்டால் வேறு எந்தத் தானியத்தைப் போடுவது என்று வேல்பாண்டி யோசிக்க ஆரம்பித்தார். அவருடைய மானாவாரி நிலத்தில் சிவப்புச் சோளம் நன்றாக விளைந்து, மூட்டை மூட்டையாக வீட்டில் கிடந்தது. பக்கத்தில் கம்பும் வாங்கக் கிடைத்தது. சும்மா ஊகத்தில் போடக்கூடாது, பார்த்துத்தான் போட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இரண்டு தாய்ப்பன்றிகள் அடுத்தடுத்துக் குட்டி போட்டிருந்தன. குட்டிகளைப் பால் மறக்கடித்ததும், எடை பார்த்து, கொட்டகையில் சுவர் வைத்து மறித்த மூன்று தடுப்புகளில் சமமாகப் பிரித்து விட்டார். ஒரு தடுப்புக்கு மக்காச்சோளம், ஒன்றுக்குக் கம்பு, ஒன்றுக்குச் சோளம். புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், தாது உப்பு எல்லாம் மூன்றுக்கும் ஒரே அளவு. ராஜபாளையத்து அரவை மில்லில் தானே கூட நின்று அரைத்துக் கொண்டுவந்தார். தடுப்புகளின் கதவில் அதே வரிசையில் வெள்ளை, பச்சை, சிவப்பு என்று பெயிண்ட் அடித்தார். மாரிக்கனியைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்:

"ஏட்டி கனி, இந்தத் தொட்டியில நான் போடுறதத் தவிர ஒரு பிடி வேற எதும் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா நம்ம பாத்தது அம்புட்டும் வீணாப் போயிரும்."

மாரிக்கனி தலையாட்டினாள். அப்போது அதை மீறும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை.

மக்காச்சோளத் தடுப்பில் குட்டிகள் முதல் நாளே தொட்டிக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டன. கம்புத் தடுப்பில் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தின்றன. சோளத் தடுப்பில்தான் தகராறு. தொட்டியை மோந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், உதடு ஒட்டிக்கொண்டதுபோல வாயை மென்றுகொண்டே திரும்பிப் போய்விடும். தாயை விட்டுப் பிரிந்த துக்கத்தோடு இந்தத் துவர்ப்பும் சேர்ந்துகொண்டது. சில நாளில் முதுகெலும்பு தெரிந்தது. எல்லாவற்றிலும் சின்னதாக இருந்த குட்டி சுவரில் சாய்ந்து நின்றபடி, மாரிக்கனி வரும்போதெல்லாம் கத்தக்கூட மாட்டாமல் பார்த்தது. பழகிவிடும் என்றார் வேல்பாண்டி. பட்டாளத்தில் முதல் மாசம் எவனுக்கும் சோறு இறங்காது, பொறவு தட்டையும் சேர்த்துத் தின்பான் என்றார்.

காலையில் தொட்டிகளை நிரப்பிவிட்டு அவர் டீ குடிக்கவும் பேப்பர் பார்க்கவும் போவார். ஒரு நாள் அவர் வண்டிச் சத்தம் ரோட்டில் தேய்ந்ததும், மாரிக்கனி அடுப்பங்கரையிலிருந்து ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்தாள். கோழிக்கு வாங்கி வைத்திருந்த அரிசிக் குருணையைக் குழைய வேகவைத்து, கொஞ்சம் மோர் ஊற்றி ஆற்றியிருந்தாள். இன்று ஒரு நாள் மட்டும், அந்தச் சின்னது எழுந்து நிற்கட்டும் என்றுதான் நினைத்தாள். கஞ்சியைச் சிவப்புக் கதவுக்குள் ஊற்றினாள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து குடித்தன. சின்னதும் குடித்தது. தொட்டியைக் கழுவிவிட்டுத்தான் அவள் நகர்ந்தாள்.

மறுநாள் அவள் காலடிச் சத்தத்துக்கே சோளத் தடுப்பு முழுக்க எழுந்து வந்து கதவில் மூக்கை வைத்து நின்றது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. கஞ்சி உள்ளே போனதால் வயிறு இதமாகி, சோளத் தீவனத்தையும் அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன ஆரம்பித்தன. வேல்பாண்டி அதைப் பார்த்துவிட்டு, பார்த்தியா, பழகிருச்சு என்றார். மாரிக்கனி மாட்டுக்கொட்டத்தைப் பார்க்கப் போவதுபோல அந்தப் பக்கம் நகர்ந்தாள். இன்னும் ஒரு வாரம் தேறியதும் விட்டுவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேல்பாண்டி கடைசி எடை போட்ட நாளில் வீடே மாறிப்போனது. சாக்கில் குட்டியை வைத்துத் தராசில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்ததை நம்பாமல் மறுபடி பார்த்தார். சோளத் தடுப்புக் குட்டிகள் கம்பைத் தாண்டி, மக்காச்சோளத்தையும் தாண்டி நின்றன. அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். ஓய்வு பெற்று வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து மாரிக்கனி பார்த்ததில்லை.

"நம்ம நிலத்துச் சோளம்ட்டி. நம்ம நிலத்துச் சோளம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். பழைய பட்டாளத்து நண்பர்களுக்குப் போன், கால்நடை டாக்டருக்குப் போன், பன்றி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு செய்தி. ராஜபாளையத்தில் அந்தக் குழுவினர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியபோது அவரையே பேசக் கூப்பிட்டார்கள். மாரிக்கனியும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். வேல்பாண்டி மைக்கைப் பிடித்துச் சோளத்தைப் பற்றிப் பேசினார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் ஆட்கள் அவரைச் சுற்றி நின்று சந்தேகம் கேட்டார்கள். கூமாப்பட்டியிலிருந்து வந்த கண்ணுச்சாமி, இருபது வருஷமாகப் பன்றி வளர்ப்பவர், அவரே நம்பர் வாங்கிக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் நடுவில் நின்ற தன் புருஷன் முகத்தைப் பார்த்தபோது, மாரிக்கனிக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது.

கூட்டத்தில் மம்சாபுரத்து வெள்ளைத்தாயும் இருந்தாள். காட்டு வேலைக்குப் போகிறவள். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. மாதம் ஒரு தடவை வந்து போவான். கொஞ்ச நாள் முன்பு வேல்பாண்டியிடம்தான் ஐந்து குட்டிகள் வாங்கிப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு, ரைஸ் மில் குருணையும் தவிடும் வேகவைத்துப் போட்டு வந்தாள். அது தப்பில்லை, ஆனால் சோளம் இன்னும் மேல் என்று வேல்பாண்டி அவளுக்குத் தனியாக எடுத்துச் சொன்னார். அவள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் வெள்ளைத்தாய் வேலைக்காட்டிலிருந்து நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது. சார் சொன்னபடி சோளம் வாங்கி அரைத்துப் போட்டதாகவும், குட்டிகள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவதாகவும், இரண்டு குட்டிக்கு வயிற்றால் போவதாகவும் சொன்னாள். வேல்பாண்டி அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். இங்கேயும் முதலில் அப்படித்தான் இருந்தது. நாம் மனசு இளகி வேறு எதையாவது போட்டுவிடக்கூடாது. ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் தானாகத் தின்னும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன் என்றார்.

மாரிக்கனி சொம்போடு நின்றிருந்தாள். வெள்ளைத்தாய் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்து, "அப்படியா அக்கா?" என்று கேட்டாள்.

மாரிக்கனி "ம்" என்றாள்.

அந்த ஒரு 'ம்' அவளை இரண்டு நாள் படுத்தியது. சோறு அள்ளும்போது, துணி பிழியும்போது, சும்மாட்டுத் துணியோடு வெயிலில் திரும்பி நடந்த முதுகு கண்முன் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை, வில்லிபுத்தூரில் சாமான் வாங்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவள், கடைத்தெருவுக்குப் போகாமல் மம்சாபுரம் பஸ்ஸைப் பிடித்தாள்.

வெள்ளைத்தாய் அன்று வேலைக்குப் போகவில்லை. கொட்டகை வாசலில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு குட்டி முந்தின நாளே செத்துப்போயிருந்தது. இன்னொன்று மூச்சு மட்டும் ஓடக் கிடந்தது. மற்ற மூன்றும் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒட்டி நின்றன. தொட்டியில் சிவப்புச் சோள மாவு தொடாமல் காய்ந்திருந்தது.

மாரிக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனாள். குருணை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அடுப்பைப் பற்றவைத்து, குருணையைக் கழுவி உலையில் போட்டாள். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். அவர், தான் வரும் வரை உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். வெள்ளைத்தாய் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் வேற எதும் போடக்கூடாதுன்னு சொன்னாகளே அக்கா."

மாரிக்கனி அகப்பையால் கிண்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "எங்க குட்டிக சோளத்துல வளரல வெள்ளைத்தாயி. நான் தினமும் அவுகளுக்குத் தெரியாம இந்தக் கஞ்சிய ஊத்தி வளத்தேன். அவுகளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றாள்.

வெள்ளைத்தாய் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் மாரிக்கனிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்குத் தண்ணி குடுக்கயில, ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான கேட்டேன்" என்றாள் வெள்ளைத்தாய். "அப்பமே சொல்லியிருந்தா இப்படி ஆயிருக்காதே."

டாக்டர் வந்து ஊசி போட்டார். சிவப்புச் சோளத்தின் தோலில் துவர்ப்புச் சத்து அதிகம், பால் மறந்த இளங்குட்டி வயிற்றுக்கு அது முழுசாக ஒத்துக்கொள்ளாது, பெரிசானபிறகு கொஞ்சமாகக் கலக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிடந்த குட்டி மத்தியானத்துக்குள் போய்விட்டது. மற்ற மூன்றும் கஞ்சியை நக்கின. மாரிக்கனியும் வெள்ளைத்தாயும் சேர்ந்து வாய்க்கால் கரையில் குழி தோண்டி, செத்த குட்டியைப் புதைத்துச் சுண்ணாம்பு தூவினார்கள். பஸ் வரும்போது வெள்ளைத்தாய் ரோடு வரை வந்தாள். சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது வேல்பாண்டி கொட்டகைக் குழாயைக் கழற்றிப் போட்டுச் சணல் சுற்றிக்கொண்டிருந்தார். சாமான் பை காலியாக இருப்பதைப் பார்த்து நிமிர்ந்தார். மாரிக்கனி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சியில் தொடங்கி மம்சாபுரத்துக் குழி வரை, நடுவில் எதையும் விடவில்லை.

அவர் சணலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சுற்ற வேண்டிய அளவுக்கு மேலேயே சுற்றினார்.

"எப்பருந்து?"

"மொத வாரத்துலருந்து."

"தினமுமா?"

"நீங்க டீ குடிக்கப் போற அன்னைக்கெல்லாம்."

"நான் தினமும்ல போறேன்" என்றார்.

பிறகு குழாயைக் கீழே வைத்தார். எழுந்துபோய்ச் சோளத் தடுப்பின் சிவப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தளதளவென்று வளர்ந்திருந்த குட்டிகள் அவரைத் தாண்டி மாரிக்கனியைப் பார்த்து ஓடி வந்து கதவில் மூக்கை இடித்தன. அதை அவரும் பார்த்தார். இத்தனை நாளும் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"அம்புட்டுப் பேர் முன்னால நின்னு பேசுனேன் கனி."

"ஆமா. நல்லாப் பேசுனீக. அதனாலதான் எனக்குச் சொல்ல வரல."

அவர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். பாத்திரம் ஒன்று பறக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் முழுக்கக் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். மலைப்பக்கமிருந்து சாரல் வந்து சட்டையை நனைத்தது, எழுந்து வரவில்லை. சோறு போட்டு வைத்தாள். பாதியைத் தின்றுவிட்டு, தட்டை அவரே கழுவி வைத்தார்.

விடிந்ததும் சட்டைக்கு இஸ்திரி போடும் வாசம் வந்தது. கூட்டத்துக்குப் போட்டுப்போன அதே வெள்ளைச் சட்டை. யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், போனில் சொன்னால் சரியாக இருக்காது என்றார். மாரிக்கனியும் சேலையை மாற்றிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் வேண்டாம் என்றார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் மம்சாபுரம் போனார்கள். வெள்ளைத்தாயின் கொட்டகை முன்னால் வேல்பாண்டி கைகளை ஒட்டவைத்து நிமிர்ந்து நின்றார். பட்டாளத்தில் அதிகாரி முன்னால் நிற்பதுபோல. தப்பு என்னுடையது, கணக்கில் பிழை விட்டுவிட்டேன், செத்த இரண்டுக்கும் பதில் என் கொட்டகையிலிருந்து உனக்குப் பிடித்த குட்டிகளை எடுத்துக்கொள் என்றார். மாரிக்கனியின் பெயரை அவர் எடுக்கவில்லை. வெள்ளைத்தாய் மாரிக்கனியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருக்கிற மூன்றும் முதலில் தேறட்டும், பொறவு பார்க்கலாம் சார் என்றாள்.

அடுத்து கூமாப்பட்டி. கண்ணுச்சாமி சோள மூட்டைகளை இறக்கி அடுக்கியிருந்தார்; நல்லவேளையாக அவருடைய குட்டிகள் இன்னும் பால் மறக்கவில்லை. வேல்பாண்டி அங்கேயும் கணக்குப் பிழை என்று ஆரம்பித்தார். என்ன பிழை, தராசா, அரவையா என்று கண்ணுச்சாமி துருவினார். வேல்பாண்டிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தராசு என்றார், இல்லை தடுப்பு மாறிவிட்டது என்றார், காது சிவந்தது. கண்ணுச்சாமியின் மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுபேதாருக்குத் தராசு பார்க்கத் தெரியாதாக்கும் என்று ஒருவன் முணுமுணுத்தான்.

மாரிக்கனிக்கு அது பொறுக்கவில்லை. "அவுக தராசுல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி. நான்தான் அவுகளுக்குத் தெரியாம ஒரு தடுப்புக்கு மட்டும் கஞ்சி ஊத்துனேன்" என்றாள்.

கண்ணுச்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லையில் நின்று எதிரியைப் பார்த்தவர் வீட்டுக்குள் நடந்ததைக் கோட்டை விட்டுவிட்டாரே என்றார். மாரிக்கனி தலைகுனிந்தாள். வேல்பாண்டி சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது, அவள் ஏறி உட்காரும் வரை வண்டியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டார்.

வத்திராயிருப்பு தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். பாதி டம்ளர் குடித்ததும், "எம்புட்டு ஊத்துவ?" என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. கஞ்சியைத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும், ஒரு தூக்குவாளி என்றாள். குருணை எவ்வளவு, எவ்வளவு நேரம் வேகும், மோர் புளித்ததா புளிக்காததா, சின்னக் குட்டி தேறியது எப்போது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவள் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

"அப்ப ஜெயிச்சது குருணைதான்" என்றார் கடைசியில். "வேகவச்ச குருணை. நான் அத ஒரு தடுப்புல போட்டே பாக்கல."

"நீங்க கேக்கலயே."

"நீயும் சொல்லலயே" என்றார். அதில் கோபம் இருந்தது. ஆனால் அது முந்தின நாளின் மௌனத்தைப் போல இல்லை. பதில் சொல்லக்கூடிய கோபம். மாரிக்கனி ஆமாம் என்று தலையசைத்தாள். அன்று மீதி இருந்த ஆட்களையும் பார்த்துவிட்டு, ராஜபாளையம் குழுத் தலைவரிடமும் சொல்லிவிட்டு அவர்கள் வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் சில நாள் கேலி ஓடியது. வேல்பாண்டி எல்லாவற்றையும் படித்தார்; ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

அடுத்த ஈற்றுக் குட்டிகளைப் பால் மறக்கடித்தபோது மறுபடி தடுப்புகள் பிரித்தார்கள். இந்தத் தடவை கதவுக்கு என்ன வண்ணம் என்பதோடு, தொட்டியில் என்ன விழும் என்பதையும் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு தடுப்புக்கு வேகவைத்த குருணை. ஒன்றுக்குக் கம்பு மட்டும். ஒன்றுக்குக் கம்பும் குருணையும் பாதிப் பாதி. சோளத்தை இளங்குட்டிகளிடமிருந்து விலக்கி, வளர்ந்த பன்றிகளுக்குக் கொஞ்சமாகக் கலந்தார். சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது. மாரிக்கனிக்கு மனசு கேட்காமல் ஏதாவது ஊற்றத் தோன்றினால் ஊற்றலாம். எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு ஊற்ற வேண்டும், உடனே அவரிடம் சொல்ல வேண்டும். அவள் இரண்டு தடவை ஊற்றினாள். இரண்டு தடவையும் சொன்னாள். முதல் சில வாரம் குருணை முன்னால் போனது. பிறகு கம்பு கலந்த தடுப்பு அதை எட்டிப் பிடித்தது. வேல்பாண்டி இதை யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை. இன்னொரு ஈற்றும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார்.

வெள்ளைத்தாய் வெகுநாள் வரவில்லை. அவளுடைய மூன்று குட்டிகளும் தேறிவிட்டன என்று டாக்டர் மூலம் தெரிந்தது. மாரிக்கனி போகலாமா என்று பலமுறை நினைத்தாள். போய் நின்றால் அவளை மன்னிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது போலாகும் என்று இருந்துவிட்டாள்.

கோடை மழை பெய்த ஒரு காலையில் வெள்ளைத்தாய் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் இரண்டு சாக்கும் கயிறும் இருந்தன. சார் சொன்ன குட்டிகளை எடுத்துப்போக வந்தேன் என்றாள். வேல்பாண்டி தடுப்புகளைத் திறந்துவிட்டு, எது வேண்டுமோ பிடித்துக்கொள் என்று ஒதுங்கி நின்றார். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு குட்டியாகக் கண்ணைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், வயிற்றைத் தடவினாள். தொட்டியிலிருந்து தீவனத்தை அள்ளி உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு வேல்பாண்டியைக் கேட்காமல் மாரிக்கனி பக்கம் திரும்பினாள்.

"இதுல இருக்கிறது இம்புட்டுத்தானா அக்கா? வேற எதும் சேருதா?"

கேட்டது சாதாரணமாகத்தான். ஆனாலும் மாரிக்கனிக்கு முகம் சூடாகியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கம்பு எவ்வளவு, குருணை எவ்வளவு, அதை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், இரண்டு நாள் முன்னால் ஒரு குட்டி சுணங்கியதால் எல்லாத் தொட்டிக்கும் மோர் ஊற்றியது, எதையும் விடவில்லை. வெள்ளைத்தாய் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே கேட்டாள். பதம் என்றால் எந்தப் பதம் என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. மாரிக்கனி கையைக் குழித்துக் காட்டினாள், விரலைத் தேய்த்துக் காட்டினாள்.

வெள்ளைத்தாய் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, குட்டிகளைச் சாக்கில் விட்டு, மூச்சுக்கு இடம் வைத்து வாயைக் கட்டினாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தவள் திரும்பினாள்.

"நீங்களும் ஏறுங்க. ஒரு வாட்டி எங்க அடுப்புல கிண்டிக் காட்டிட்டுப் போங்க."

மாரிக்கனி புருஷனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே குருணைப் பையைக் கொண்டுவந்து ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கத்துகிற சாக்குகளுக்கும் வெள்ளைத்தாய்க்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.